கடலில் எழுந்த புயலும் மலையில் பொழிந்த பனியும்

நாள்தோறும் செய்தித்தாளின் ஒரு மூலையிலும் வானொலிச் செய்தியின் இறுதியிலும் வானிலை அறிக்கை இடம்பெறுகின்றது. "ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம், உயர்ந்த மலைப்பகுதிகளில் பனி பொழியலாம்" என்று அஃது இரண்டொரு வரிகளில் முடிந்துவிடும். நம்மில் பலர் அதனைப் படியாமலே பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம். ஆயினும், அத்தகைய அறிவிப்பு உரிய காலத்தில் செவியில் விழுந்தமையால் பல்லாயிரவர் உயிர் பிழைத்ததும், விழாமையால் பலர் உயிர் துறந்ததும் ஒரே புயலின்போது நிகழ்ந்தன. அது 2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடந்தது. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இமயமலையின் மடியில் அமைந்த நாடு நேபாளம். அங்கே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் வருவது, அந்நாட்டார் 'சரத்' என வழங்கும் இலையுதிர் காலம். மழையால் கழுவப்பெற்ற வானம் தெளிந்து நீலமாய் விளங்கும். பனி மூடிய கொடுமுடிகள் கண்ணுக்கு நன்கு புலப்படும். மலைப்பாதைகளில் நடப்பதற்கு இதனினும் ஏற்ற பருவம் வேறில்லை. ஆதலின் பல நாட்டுப் பயணிகள் அக்டோபர்த் திங்களில் அங்கே திரண்டு வருவர். வழிகாட்டிகளும், சுமை தூக்குவோரும், வழியோரத்தில் தேநீர்க் கடை வைத்திருப்போரும் ஆண்டு முழுமைக்கும் வேண்டிய பொருளின் பெரும்பகுதியை இச்சில வாரங்களிலேயே ஈட்டுவர்.

அப்பயணிகள் விரும்பிச் செல்லும் வழிகளுள் ஒன்று, 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிச் செல்லும் பாதையாகும். மாநாங் என்னும் ஊரைக் கடந்து மேலே ஏறினால் தொரோங் என்னும் கணவாயை அடையலாம். அதன் உயரம் 5,416 மீட்டர். கணவாயைக் கடந்து மறுபுறம் இறங்கினால், வைணவர் போற்றும் முக்திநாத் திருத்தலம் வரும். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான சாளக்கிராமம் என அதனைக் கருதித் தமிழ்நாட்டினின்றும் அடியார் பலர் அங்கே செல்வதுண்டு.

அவ்வாண்டு அக்டோபர் முற்பகுதியில், இம்மலைகளுக்கு வெகு தொலைவில், அந்தமான் தீவுகளுக்கு அருகே கடலின்மேல் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றிற்று. அது நாளுக்கு நாள் வலுப்பெற்று, அக்டோபர் 8ஆம் நாள் புயலாயிற்று. அதற்கு 'ஹுத்ஹுத்' என்னும் பெயர் இடப்பட்டது. ஓமன் நாடு வழங்கிய அப்பெயர், நாம் கொண்டலாத்தி என்று அழைக்கும் பறவையைக் குறிக்கும். அழகிய சிறு பறவையின் பெயரைத் தாங்கிய அப்புயல், கொடுஞ்சூறையாக வளர்ந்து மேற்கு வடமேற்காக நகரலாயிற்று.

இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் செயற்கைக்கோள்களாலும் ராடார்களாலும் அதன் போக்கை இடைவிடாது கவனித்து வந்தனர். அது விசாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையைக் கடக்கும் என்று சில நாட்கள் முன்னதாகவே அறிவித்தனர். அவ்வறிவிப்பு மாவட்ட அதிகாரிகளுக்கும், ஊர்த்தலைவர்களுக்கும், மீனவக் குப்பங்களுக்கும் சென்றது. ஆந்திர, ஒடிசா மாநிலக் கடற்கரைகளில் வாழ்ந்த பெருந்திரளான மக்கள் மேட்டு நிலங்களுக்கும் புயல் காப்பிடங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். அக்டோபர் 12ஆம் நாள் நண்பகல் வேளையில், மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்துடன் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. மரங்கள் வேரொடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, விமான நிலையத்தின் கூரை சிதைந்தது. உயிர்ச்சேதமும் நேராமலில்லை. ஆயினும், 1999ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டதை நினைத்துப் பார்த்தால், முன்னறிவிப்பும் அதற்கேற்ற முன்னேற்பாடும் எத்துணை உயிர்களைக் காக்கவல்லன என்பது விளங்கும்.

புயல் கரையைக் கடந்ததும் கதை முடிந்ததென்று பலர் எண்ணினர். ஆனால் அது முடியவில்லை. நிலத்தின்மேல் ஏறியதும் காற்றின் வேகம் தணிந்தது. எனினும், கடலினின்று அப்புயல் முகந்து வந்த நீராவி வானிலேயே இருந்தது. வலுவிழந்த புயலின் எச்சம் சத்தீசுகர், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் வழியே வடக்கு நோக்கிச் சென்றது. அவ்வேளையில் வானின் உயர்ந்த அடுக்கில் மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று ஓட்டம் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஈரமிக்க காற்று அக்குளிர் ஓட்டத்தோடு கலந்து, விசாகப்பட்டினத்திற்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வடக்கேயுள்ள இமயத்தின்மீது மோதியது.

மாணவர்களே! கடல்நீர் மலையில் பனியாவது எங்ஙனம் என்று நீங்கள் வினவலாம். காற்று மேலே செல்லச் செல்லக் குளிர்ச்சியடைகின்றது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால், சராசரியாக ஆறரைப் பாகை அளவு வெப்பம் குறையும். கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியில் வெப்பநிலை 28 பாகை செல்சியசு எனக் கொள்வோம். 5,400 மீட்டர் உயரத்தில் அது 35 பாகை குறைந்து, உறைநிலைக்குக் கீழ் ஏழு பாகையாகிவிடும். ஆகவே, ஒரே முகிற்கூட்டம் பள்ளத்தாக்கில் மழையாகவும் கணவாயில் பனியாகவும் பொழிகின்றது. மேலும், பத்து மில்லிமீட்டர் மழைக்கு வேண்டிய நீர், பனியாக விழுமிடத்துப் பெரும்பாலும் பத்துச் சென்டிமீட்டர் உயரத்திற்குக் குவிந்துவிடும். தாழ்நிலத்தில் குடை பிடித்துச் செல்லக்கூடிய மழை, மலையுச்சியில் பாதையை மறைக்கும் பனியாவதன் காரணம் இதுவே.

அக்டோபர் 14ஆம் நாள் தொரோங் கணவாயில் நடந்ததும் இதுவே. கணவாயில் பிற்பகலில் காற்று வலுக்கும் ஆதலால், பயணிகள் விடியற்குமுன்பே புறப்படுவது வழக்கம். அன்றும் பலர் மேலேறினர். பனி விடாது பொழிந்தது, சூறைக்காற்று வீசியது, சில அடி தொலைவில் நின்றவரும் கண்ணுக்குத் தெரியவில்லை, பாதையைக் காட்டும் அடையாளக் கம்பங்கள் மறைந்தன. கணவாய்க்கருகிலிருந்த சிறு தேநீர்க் கடையில் இடங்கொள்ளாத அளவுக்கு மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒதுங்கினர். பனி மேலும் பெருகுமென அஞ்சிச் சிலர் வெளியேறிக் கீழே இறங்க முற்பட்டனர். அவருள் பலர் வழிதவறிப் பனியில் வீழ்ந்து மடிந்தனர். அப்பகுதியிலும் அடுத்த மலைகளிலும் பனிச்சரிவுகளாலும் கடுங்குளிராலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அயல்நாட்டுப் பயணிகள் மட்டுமல்லர். நேபாள வழிகாட்டிகளும், சுமையாளரும், கவரிமா மேய்ப்போரும் அவருள் அடங்குவர். பின்னர் நேபாளப் படையினர் ஹெலிகாப்டர்களில் சென்று நூற்றுக்கணக்கானோரை மீட்டனர்.

உயிர் தப்பியோருள் பலர், "பனி வருமென்று எங்களுக்கு ஒருவரும் கூறவில்லை" என்று வருந்தினர். புயல் வந்ததை உலகம் அறிந்திருந்தது. அதன் எச்சம் வடக்கே செல்வதையும் வானிலை அறிஞர் கண்டிருந்தனர். மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தவரிடம் அச்செய்தியை எடுத்துச் செல்லும் ஏற்பாடுதான் குறைவாயிருந்தது.

முன்னறிவிப்பு என்பது நான்கு கண்ணிகளைக் கொண்ட ஒரு சங்கிலி. வானைக் காணுதல் முதற் கண்ணி. கண்டவற்றைக்கொண்டு வருவதைக் கணித்தல் இரண்டாவது. கணித்ததை உரியவர்க்கு எட்டுமாறு சொல்லுதல் மூன்றாவது. கேட்டவர் அதன்படி நடத்தல் நான்காவது. விசாகப்பட்டினக் கரையில் நான்கு கண்ணிகளும் ஒன்றையொன்று பற்றி நின்றன. தொரோங் கணவாயிலோ மூன்றாம் கண்ணி அறுந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி அறினும் எஞ்சியவற்றால் பயன் என்ன?

ஆகவே, வானிலை அறிக்கையைப் படிக்கும்போது நாம் சிலவற்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். எவ்விடத்திற்கு, எந்நேரத்திற்கு, எவ்வளவு உயரத்திற்கு அது கூறப்பட்டது என நோக்குக. "பெய்யலாம்" என்பது "பெய்யும்" என்பதனின் வேறானது. எனினும், "பெய்யாது" என்று அதற்குப் பொருளில்லை. நேற்றைய அறிக்கையை நம்பி இன்று புறப்படாதீர்கள். வானம் மாறுந்தோறும் கணிப்பும் மாறும். நம் நாட்டில் இப்பொழுது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு நிறங்களால் எச்சரிக்கையின் அளவு குறிக்கப்படுகின்றது. பச்சை நிறம் எச்சரிக்கை ஏதும் இல்லையென்பதைக் காட்டும். சிவப்பு, உடனே செயற்படல் வேண்டும் என்பதைக் காட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நீங்கள் அறிந்த எச்சரிக்கையை அறியாதார்க்கு எடுத்துக் கூறுக. வயலில் வேலை செய்யும் உழவரும், கட்டுமரத்தை நீரில் தள்ளும் மீனவரும் அறிக்கையைக் காணாதிருத்தல் கூடும்.

புயலைத் தடுக்கும் ஆற்றல் மாந்தர்க்கு இன்னும் வாய்க்கவில்லை. கடலினின்று எழும் முகில் தன் வழியே மலைக்குச் சென்றுகொண்டுதான் இருக்கும். அதற்கு முன்னே ஒரு நற்சொல்லை அனுப்பி வைக்கும் ஆற்றல் மட்டும் நமக்குண்டு. அச்சொல் முகிலினும் விரைந்து சென்று, கடைசி மேய்ப்பனின் குடிசை வாயிலையும் எட்டுமாயின், அதுவே வானிலை நூலின் முழுப்பயனாகும்.