படகின் மின்சார மோட்டார்: பழுது காணலும் செப்பனிடலும்

நீர்த்தேக்கங்களிலும் ஏரிகளிலும் நீர் மாதிரி எடுக்கச் செல்லும் சிறு படகுகளுக்குப் பாட்டரியால் இயங்கும் மின்சார மோட்டார் ஏற்றதாகும். எண்ணெய்க் கசிவு இல்லாமையால் மாதிரி மாசுபடுவதில்லை. ஓசை குறைவாதலால் மீன்கள் கலைவதுமில்லை. 1838ஆம் ஆண்டிலேயே யாக்கோபி என்னும் அறிஞர் ரஷ்யாவின் நேவா நதியில் மின்சாரப் படகைச் செலுத்திக் காட்டினார். எனினும், கரைக்கு வெகு தொலைவில், காற்று எழும் வேளையில் மோட்டார் நின்றுவிடுமாயின் படகிலுள்ளோர் உயிருக்கே இடையூறு நேரலாம். ஆகையால் பழுது காணும் முறையைக் களப் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

அமைப்பு

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஃபியூஸ், வேக சுவிட்சு ஆகியவற்றின் வழியாக, நீரில் மூழ்கியுள்ள மோட்டாரை அடைகிறது. அங்கே கார்பன் பிரஷ்கள் அதனைக் கம்யூட்டேட்டருக்கு அளிக்கின்றன. நிலைக் காந்தங்களுக்கு இடையே ஆர்மேச்சர் சுழன்று விசிறியைச் சுழற்றுகிறது. தேடுதலும் இவ்வரிசையிலேயே நிகழ வேண்டும். மோட்டாரை முதலில் பிரித்தல் தவறு.

பாட்டரியும் இணைப்புகளும்

முழு மின்னேற்றம் பெற்றுச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் ஈய-அமிலப் பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் எனில் பாதியளவே எஞ்சியுள்ளதெனக் கொள்ளலாம். ஆயினும் முதிர்ந்த பாட்டரி ஓய்வில் நல்ல அளவு காட்டி, மோட்டாரை இயக்கியவுடன் 10 வோல்ட்டுக்கும் கீழே வீழ்வதுண்டு. எனவே விசிறி நீரில் சுழலும்போதே அளத்தல் வேண்டும்.

அப்போதே வோல்ட்மானியின் ஒரு முனையைப் பாட்டரித் தூணிலும், மறு முனையை அதன்மீதுள்ள கேபிள் பிடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் அழுத்தம் ஏறக்குறையச் சுழியமாகவே இருக்கும். அரை வோல்ட் காட்டுமாயின், 40 ஆம்பியர் ஓடும்போது அவ்வொரு மூட்டில் மட்டும் 20 வாட் வெப்பமாக வீணாகிறது. பச்சை அல்லது வெண்ணிறப் பூச்சைச் சுரண்டி, இறுக்கி, மேலே சிறிது வாசலைன் தடவினால் போதும். கைக்கு வெப்பமாகத் தோன்றும் மூட்டே பழுதுற்ற மூட்டு என்பதை நினைவிற் கொள்க.

அறிகுறிகள்

மோட்டார் ஓடியும் படகு நகரவில்லையெனில், கல்லிலோ கட்டையிலோ மோதி விசிறியின் முறிஊசி ஒடிந்திருக்கும். மாற்று ஊசி ஒன்றைப் படகிலேயே வைத்திருத்தல் நலம். உயர் வேகம் மட்டும் இயங்கி மற்றவை இயங்காவிடின், படிநிலை வேக மோட்டார்களில் தடைச் சுருள் எரிந்திருக்கலாம். அன்றேல் சுவிட்சு பழுதாயிருக்கலாம். எவ்வேகத்திலும் இயங்காது, மோட்டார் முனைவரை மின்னழுத்தம் வந்திருப்பின், பிரஷ்கள் தேய்ந்திருத்தல் கூடும்.

நைலான் வலை நூலே பெரும் பகையாகும். விசிறியின் பின்னே சுற்றிக்கொள்ளும் நூல் எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அறுத்துவிடுகிறது; நீர் உட்புகுந்து மோட்டார் துருவேறுகிறது. ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் விசிறியைக் கழற்றி நூலை நீக்குதல் வேண்டும்.

செப்பனிடல்

பாட்டரி இணைப்பை நீக்கிய பின்னரே மோட்டாரைத் திறக்க வேண்டும். காந்தங்கள் ஆர்மேச்சரை வலுவாக ஈர்ப்பதால் விரல் நசுங்காதவாறு கவனிக்க. கறுத்த கம்யூட்டேட்டரை மென்மையான மணற்காகிதத்தால் துடைக்கலாம். எமரித் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியதாதலால் எமரித்தாள் ஆகாது. திறந்த மோட்டாருக்குப் புதிய தடுப்பு வளையங்களே இடப்படல் வேண்டும்.

மின்னேற்றும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. அருகே தீப்பொறி எழலாகாது. 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதியையே செலவிடுவதாயின், 40 ஆம்பியர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரமே பயணம் செய்ய இயலும். ஆதலின் காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்புதல் அறிவுடைமை. துடுப்பும் மிதவைச் சட்டையும் என்றும் உடனிருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் ஒரு டார்ச்சு மின்கலத்தையும் பல்பையும் முதலில் தூய கம்பியாலும், பின்னர் துருவேறிய ஆணி வழியாகவும் இணைத்துக் காட்டலாம். ஒளி மங்குவதைக் காணும் மாணவர், மின்கலம் பழுதன்று, மூட்டே பழுது என்பதைத் தாமே உணர்வர்.