தொழிலறிவும் எழுதுகோலும்

நுழையும்முன்

ஒரு தொழிலில் பல்லாண்டு பழகியவர் பெற்ற அறிவு, எழுத்தில் பதிவாகாவிடில் அவரோடு மறைந்துபோகும். தம் துறையைப் பற்றித் தாமே எழுதுவோர் அவ்விழப்பைத் தடுக்கின்றனர். எதை எழுதுவது, யாருக்கு எழுதுவது, எவ்வாறு தொடர்வது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

எழுதப்படாத அறிவு

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் பொழிகிறது. மலையில் பெய்யும் மழை அருவிகளாய் இறங்கிச் சிற்றாற்றின் வழியே தென்காசி வட்டார வயல்களை அடைகிறது. மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதை அவ்வயலில் நிற்கும் உழவர் அறிவார். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் உழைப்பவர், எந்தக் காய் தொலைவிலுள்ள சந்தைவரை தாங்கும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்வார். இத்தகைய அறிவின் பெரும்பகுதி எந்த நூலிலும் இல்லை. அவரவர் நினைவிலேயே உள்ளது.

மருத்துவம் தமிழில் பேசியது

துறை அறிவு எழுத்தாகும்போது விளையும் பயனுக்கு மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் சான்றாவார். அமெரிக்கரான அவர் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றோர் ஊர்ப்புறங்களில் தங்கிப் பணியாற்றத் தயங்கியதைக் கண்டார். எனவே தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களைத் தொகுத்து, மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஒரு துறையின் அறிவு மக்கள் மொழியில் அமைந்தால்தான் மக்களைச் சென்றடையும் என்பதை அவர் பணி உணர்த்துகிறது.

தொடர்ச்சியே வலிமை

ஒரு கட்டுரையோடு நின்றுவிடாமல் தொடர்ந்து எழுதுவதும் இன்றியமையாதது. நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ.நா. அப்புசுவாமி, தொழிலால் வழக்கறிஞர். ஆயினும் அறிவியலை விரும்பிக் கற்று, 1917 முதல் அதனைத் தமிழில் எழுதத் தொடங்கினார். 1986இல் மறையும்வரை அப்பணியை அவர் கைவிடவில்லை. தொழில் வேறாயினும் ஒருவர் ஒரு துறையில் இவ்வளவு செய்ய இயலுமெனில், அத்துறையிலேயே நாளும் உழைப்பவரால் இன்னும் எவ்வளவு இயலும் என்பது எண்ணத்தக்கது.

எதிரிலிருப்பவரிடம் பேசுவதுபோல்

தென்காசியோடு தொடர்புடைய குடும்பத்தில் 1882இல் பிறந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாதரும் வழக்கறிஞரே. திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' இலக்கிய உரையாடலுக்குப் பெயர்பெற்றது. பின்னர்க் குற்றாலத்தில் வாழ்ந்த அவர் 1954இல் மறைந்தார். கவிதைச் சுவை குறித்து நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூல்களாக வெளிவந்துள்ளன. கடிதம் எழுதுபவர், படிப்பவர் ஒருவரை மனத்தில் இருத்திக்கொண்டே எழுதுகிறார். அதனால் நடை எளிமை பெறுகிறது. தேவையற்ற ஆரவாரம் நீங்குகிறது. தம் துறையை எழுத முற்படுவோர்க்கும் இதுவே நல்வழி.

எதை எழுதுவது?

துறை முழுவதையும் ஒரே கட்டுரையில் அடக்க முயல்வதே தொடக்கநிலையாளர் செய்யும் பிழை. அன்று செய்த ஒரு வேலை, அதில் எழுந்த ஓர் ஐயம், அது தீர்ந்த முறை ஆகிய மூன்றும் ஒரு கட்டுரைக்குப் போதும். நாள், அளவு, இடம் ஆகியவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும். தொழிலாளர் வழங்கும் சொல்லை அப்படியே எழுதி, அதன் பொருளையும் விளக்கலாம். தவறிய வேலையையும் மறைக்காது எழுதுதல் சிறப்பு. ஒருவர் கண்ட பிழை, மற்றவர்க்கு எச்சரிக்கையாகும். தம்மை நம்பி வந்தவரின் மறைபொருளை வெளியிடாமையும் எழுத்தாளரின் கடமையாகும்.

தொழில் கையில் இருக்கும்போதே எழுதத் தொடங்குவது நலம். ஓய்வுக்காலத்தில் எழுதலாம் எனத் தள்ளிவைப்பின், நினைவு மங்கும், நுட்பங்கள் உதிரும். இன்று எழுதப்படும் ஒரு பக்கம், நாளை அத்தொழிலுக்கு வரும் இளையோர்க்கு ஆசிரியராய் நிற்கும்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரில் ஒரு தொழில் செய்பவரை அணுகி, அத்தொழிலில் மட்டும் வழங்கும் சொற்களைப் பொருளுடன் தொகுக்க.
2. அவர் ஒரு நாளில் செய்யும் வேலை ஒன்றை, நண்பருக்கு எழுதும் கடிதமாக வரைக.