முன்களத்தில் ஆடும் தங்கச்சிக்கு



கனடாவின் மார்க்கம் நகரில் பந்து உதைக்கிற பெண் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பு முடிவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகமா, இங்கேயே விளையாடுவதா, ஐரோப்பாவா? நீயும் இப்போது அந்தச் சந்தியில்தான் நிற்கிறாய். பெரிய பெயருள்ள இடம் எது என்று பார்க்காதே. அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்த இடத்தில் அதிக நேரம் களத்தில் நிற்பாய் என்று பார். சொல்ல வந்தது இதுதான். அதற்கான காரணங்களை மற்றவர்களின் ஆட்டவாழ்விலிருந்தே காட்டலாம்.

407 நெடுஞ்சாலையில் கிழக்கே அரை மணிநேரம் ஓடினால் விற்பி வந்துவிடும். ஒலிவியா சிமித் அந்த ஊர்க்காரி. 2019 நவம்பரில், பதினைந்து வயதில், கனடாவின் தேசிய அணிக்காகக் களமிறங்கினார். அவரைவிட இளவயதில் அந்த அணிக்கு ஆடியவர் இல்லை. பிறகு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் போனார். ஒரு பருவத்தோடு அதை விட்டுவிட்டு 2023இல் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகத்தில் சேர்ந்தார். போர்த்துக்கல் லீக் அப்போது பெண்கள் காற்பந்தில் முன்னணி லீக் அல்ல. ஊரில் பலருக்கு அது பின்னோக்கிய அடியாகக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் அங்கே வாரந்தோறும் ஆடினார், கோல்கள் அடித்தார். 2024இல் லிவர்பூல் அழைத்தது. 2025 ஜூலையில் ஆர்சனல் அவருக்காகக் கொடுத்தது பத்து லட்சம் பவுண். பெண்கள் காற்பந்தில் ஒரு வீராங்கனைக்கு அவ்வளவு தொகை கைமாறியது அதுவே முதல் தடவை. அந்தச் சாதனை சில வாரங்களிலேயே முறியடிக்கப்பட்டது வேறு கதை.

இதைக் கேட்டதும் பல்கலைக்கழகமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதே. ஜேட் ரோஸ் நம் மார்க்கத்தில் வளர்ந்தவர், பின்கள வீராங்கனை. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கனடாவுக்கு ஆடினார். 2025இல் மான்செஸ்டர் சிற்றியில் சேர்ந்தார். படிப்பைப் பாதியில் விட்டவரும் தொடர்ந்தவரும் அந்த ஆண்டு இங்கிலாந்தின் ஒரே லீகில் எதிரெதிர் அணிகளில் இருந்தார்கள். பாதைகள்தான் வேறு. இருவருமே இருந்த இடத்தில் வாங்கில் உட்கார்ந்து காலம் கழிக்கவில்லை.

முன்களத்தில் ஆடுகிறவளுக்கு ஆட்ட நேரம் மற்றவர்களைவிட முக்கியம். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் உன் காலில் பந்து இருப்பது ஓரிரு நிமிடந்தான். மிச்ச நேரமெல்லாம் பின்களக்காரியின் தோளுக்குப் பின்னால் நகர்வது, அவள் எப்போது பந்தைப் பார்க்கத் திரும்புவாள் என்று காத்திருப்பது, பத்துத் தரம் வீணாக ஓடிப் பதினோராம் தரம் இடைவெளி கிடைப்பது. பனிக்காலத்தில் டோமுக்குள் எத்தனை நூறு தரம் வலையை நோக்கி உதைத்தாலும் அந்த நுட்பம் கைவராது. உன்னை நிறுத்துவதற்காகவே நிற்கும் ஒருத்திக்கு எதிரே, புள்ளிகளுக்காக ஆடும்போதுதான் வரும்.

இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக 92ஆவது நிமிடத்தில் கோல் அடித்து வெண்கலம் பெற்றுத்தந்த டயானா மதிசன், ஓய்வு பெற்றபின் நோர்தேர்ன் சூப்பர் லீக்கை உருவாக்கினார். 2025 ஏப்ரலில் ஆறு அணிகளோடு அது தொடங்கியது. அதுவரை இந்த நாட்டில் பெண்களுக்கெனத் தொழில்முறைக் காற்பந்து லீக் இருக்கவில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள்கூடச் சம்பளத்துக்கு வெளிநாடு போக வேண்டியிருந்தது. அந்த ஆறு அணிகளில் ஒன்றான ஏஎஃப்சி ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழக மைதானத்தில் ஆடுகிறது. முதல் பருவத்தில் பட்டியலில் முதலிடம் பிடித்து, இறுதியாட்டத்தில் வன்கூவர் ரைசிடம் 2–1 என்று தோற்றது. அந்த அணியின் முன்களத்தில் ஆடிய கெய்லி ஹன்ரருக்கு அப்போது வயது பதினேழு. உன் இப்போதைய வயதைவிட ஒன்றுதான் கூட.

முதல் பருவத்தில் இந்த லீகின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 50,000 கனடிய டொலராக இருந்தது. மார்க்கத்து வாடகை தெரிந்த உன் அம்மா அப்பாவுக்கு அது எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை. அவர்கள் படிப்பைப் பற்றிக் கேட்கும்போது எரிச்சல்படாதே. பொறுப்புள்ள கேள்வி அது. ஜேட் ரோசைக் காட்டு. தொலைவழிப் படிப்பைப் பற்றியும் விசாரித்து வை.

கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேயர் அடித்த 190 சர்வதேசக் கோல்கள் உனக்கு மனப்பாடமாக இருக்கும். ஆண்களிலும் பெண்களிலும் அவ்வளவு அடித்தவர் எவருமில்லை. அவருடைய வாழ்வில் கோல் அடிக்காத இரண்டு நிமிடங்களையும் பார். 2019 உலகக் கிண்ணத்தில் சுவீடனுக்கு எதிராகக் கனடாவுக்குப் பெனல்டி கிடைத்தது. தலைவி சின்கிளேயர் அதை ஜனீன் பெக்கியிடம் கொடுத்தார். கோல் காப்பாளர் தடுத்துவிட்டார், கனடா வெளியேறியது. நீ ஏன் அடிக்கவில்லை என்ற கேள்வி அவரைத் துரத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்து டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி, எதிரே அமெரிக்கா, மறுபடியும் பெனல்டி. பந்தைக் கையில் எடுத்த சின்கிளேயர் அதை ஜெசி ஃபிளெமிங்கிடம் கொடுத்தார். ஃபிளெமிங் அடித்தார். கனடா 1–0 என்று வென்று இறுதிக்குப் போய்த் தங்கமும் வாங்கியது. அதற்கு முந்தின ஆட்டத்தில், பிரேசிலுக்கு எதிரான பெனல்டி வரிசையில், சின்கிளேயரின் உதை தடுக்கப்பட்டிருந்தது. அன்றைய நிலையைக் கணக்கெடுத்து முடிவு செய்கிற அந்தத் தெளிவு முன்கள வீராங்கனைக்குக் கோல் அடிக்கும் கால் அளவுக்கு வேண்டும். ஒரு தடவை பிழைத்ததற்காக அவர் அதைக் கைவிடவில்லை என்பதுதான் வியப்பு.

நம் தெற்காசியப் பக்கத்திலும் பார். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி மதுரையின் சேது எஃப்சிக்கு ஆடியவர். 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற கழகம் அது. பிறகு கோகுலம் கேரளா, இஸ்ரேல், பிரான்ஸ் என்று படிப்படியாகப் போனார். மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸில் ஒப்பந்தமானார். வெளிநாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியக் காற்பந்து வீராங்கனை அவரே. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. பதினாறில் கதவு திறக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று உனக்கு யாராவது சொன்னால் அவருடைய பெயரைச் சொல்.

முழங்காலைப் பற்றி ஒன்று. முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம்; கிழிந்தால் ஏறத்தாழ ஓராண்டு போய்விடும். பெக்கிக்கு 2023 உலகக் கிண்ணம் அப்படித்தான் கைநழுவியது. ஃபீஃபாவின் 11+ என்ற உடல் தயார்ப்படுத்தல் இருபது நிமிடப் பயிற்சி. ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குக் காயம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிற்றுநர் சொல்லாவிட்டாலும் செய். தோழிகளையும் சேர்த்துக்கொள்.

அடுத்த வாரம் பல்கலைக்கழகப் பயிற்றுநர்கள் உன்னோடு பேசும்போது சீருடை, மைதானம், உணவுக்கூடம் எல்லாம் காட்டுவார்கள். நீ கேட்க வேண்டியவை வேறு. போன ஆண்டு புதிதாக வந்த முன்கள வீராங்கனை எத்தனை நிமிடம் ஆடினாள்? என் இடத்துக்கு இன்னும் எத்தனை பேரைச் சேர்க்கிறீர்கள்? முழங்கால் போனால் உதவித்தொகை நிற்குமா, தொடருமா? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கு. அப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்.

அன்புடன்,
அக்கா