எர்லாங் படித்தால் போட்டியே இல்லையா?

"ஜாவா படித்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவோம். யாரும் படிக்காத மொழியைப் படித்தால் கம்பெனிகள் தேடி வரும்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மறுத்தால் உடனே ஓர் ஆதாரத்தையும் நீட்டுகிறார்கள்: வாட்ஸ்அப்பே எர்லாங்கில்தானே ஓடுகிறது!

ஓடுகிறது. அந்தக் கதையை முழுதாகப் படியுங்கள். 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்க முன்வந்தபோது அதற்குச் சுமார் 45 கோடிப் பயனர்கள் இருந்தார்கள். பொறியாளர்கள் 32 பேர். குறைந்த ஆட்களைக் கொண்டு பெருஞ்சுமையைத் தாங்குவதுதான் எர்லாங்கின் பெருமை. அதே காரணத்தால் அதில் வேலைகளும் குறைவு. போட்டியாளர்கள் குறைவு என்று கணக்குப் போடுகிறவர்கள், காலியிடங்களும் குறைவு என்பதை ஏன் பார்ப்பதில்லை?

மொழியின் பெயரே ரெஸ்யூமேயைத் தூக்கி நிறுத்தும் என்பதும் பொய். ஒகாமல் என்ற இன்னொரு சின்ன மொழியில் இயங்கும் ஜேன் ஸ்ட்ரீட் என்ற வர்த்தக நிறுவனமே, விண்ணப்பிக்க ஒகாமல் தெரிந்திருக்கத் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மொழியை அவர்களே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். சிந்திக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். எர்லாங் தெரியும் என்று நேர்காணலுக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: ஒரு புராசஸின் மெயில்பாக்ஸில் செய்திகள் குவிந்துகொண்டே போனால் என்ன ஆகும்? மெயில்பாக்ஸுக்கு இயல்பாக உச்சவரம்பு கிடையாது. குவியும் செய்திகள் நினைவகத்தை விழுங்கி நோடையே கவிழ்த்துவிடும். இதை ஒருமுறையாவது நேரில் பார்த்துச் சரிசெய்தவர் பேச ஆரம்பித்தாலே தெரிந்துவிடும். வீடியோ பார்த்து ஒரு சாட் செயலி செய்தவர் இங்கே திணறுகிறார்.

எர்லாங் செத்துவிட்டது என்பார்கள். ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. செய்திகளை வரிசைப்படுத்தி அனுப்பும் ராபிட்எம்க்யூ மென்பொருள் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சான்றிதழ் வேண்டும் என்பார்கள். நான் யாரிடமும் கேட்டதில்லை.

அப்படியானால் தனித்துத் தெரிய என்ன வழி? சின்ன மொழிகளில் லைப்ரரிகளைப் பராமரிப்பவர்கள் சிலரே. உருப்படியாக ஒரு பிழையைத் திருத்தினால் அவர்கள் உங்கள் பெயரை மறக்க மாட்டார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. எர்லாங்கின் மேடையிலேயே ஓடும் எலிக்ஸிர் மொழியின் ஸ்ட்ரிங்.லெங்த் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 3 என்று சரியாகச் சொல்லும். யுடிஎஃப்-8இல் அதே சொல் 15 பைட். பைட் கணக்கில் வெட்டும் நிரலில் எழுத்து நடுவிலேயே உடையும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது. நமக்குப் பார்த்தவுடன் தெரியும். இருந்தும் நம்மவர்கள் இன்னொரு டூ-டூ செயலியைத்தான் கிட்ஹப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்!

இந்த வாரமே ஒரு லைப்ரரியை எடுத்து அதற்குள் தமிழ் உரையைச் செலுத்திப் பாருங்கள். உடைந்தால், சோதனை நிரலோடு திருத்தத்தை அனுப்புங்கள். அது ஏற்கப்பட்டதும் அதன் இணைப்பை ரெஸ்யூமேயின் முதல் வரியில் போடுங்கள்.