கடல் உப்பா, கடை உப்பா?



இந்த இதழில் நாம் படிக்கப் போவது உப்பைப் பற்றி. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் எந்த உப்பு, எவ்வளவு உப்பு என்பதில்தான் இப்போது குழப்பம். பத்து காவான் பக்கத்தில் மருந்துக்கு வருகிறவர்களில் சிலர், "டிரசர் ஐயா, கடை உப்புல ரசாயனம் கலக்கிறாங்களாமே, கடல் உப்புக்கு மாறினா பிரஷர் எறங்குமாமே?" என்று கேட்கிறார்கள். அழகான புட்டியில் அடைத்த கடல் உப்பையும், ரோஸ் நிற உப்பையும் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. பணம் போனால் போகட்டும். "நல்ல உப்புதானே" என்று குழம்பில் கை தாராளமாகிறது. பிரஷர் மாத்திரையும் அலமாரியில் தூங்குகிறது. அங்கேதான் ஆபத்து.

முடிவை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இரத்தக் கொதிப்பைப் பொறுத்தவரை கடல் உப்பும் கடை உப்பும் ஒன்றுதான். அயோடின் விஷயத்தில் அயோடின் சேர்த்த கடை உப்பே மேல். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எல்லா உப்பும் கடல் கொடுத்ததே

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புச் சத்துகள் கரைந்திருக்கின்றன. அதில் சுமார் 27 கிராம் சோடியம் குளோரைடு. அதுதான் நாம் சாப்பிடும் உப்பு. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் கடல் நீரையோ, நிலத்தடி உப்பு நீரையோ பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் காய வைக்கிறார்கள். நீர் வற்ற வற்ற, சுண்ணாம்புச் சத்து முதலில் கீழே படியும். அடுத்து உப்பு பூக்கும். மெக்னீசியம் கலந்த கசப்பு நீர் கடைசியில் மிஞ்சும். அதை வடித்து விடுவார்கள். கண் கூசும் வெயிலில், உப்பு நீரில் கால் புண்ணாக நின்று வாருகிறவர்களும் நம்மைப் போன்ற கூலித் தொழிலாளர்களே.

இப்படி வாரியதை அப்படியே விற்றால் கல் உப்பு, கடல் உப்பு. கழுவிச் சுத்தம் செய்து, தூளாக்கி, கட்டி தட்டாமல் இருக்க மிகக் கொஞ்சம் மருந்து சேர்த்தால் மேசை உப்பு. ரோஸ் உப்பு பாகிஸ்தானில் கியூரா சுரங்கத்திலிருந்து வெட்டி எடுப்பது. அதுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்புதான். அந்த நிறம் அதில் கலந்துள்ள கொஞ்சம் இரும்புத் துருவின் நிறம்.

பிரஷருக்கு எது நல்லது?

எந்த உப்பானாலும் அதன் எடையில் சுமார் 40 விழுக்காடு சோடியம். 5 கிராம் உப்பு சாப்பிட்டால் ஏறக்குறைய 2000 மில்லிகிராம் சோடியம் உள்ளே போகிறது. சோடியம் கூடினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. இரத்தத்தின் அளவு கூடுகிறது. குழாய்களின் மேல் அழுத்தம் ஏறுகிறது. இது வருடக்கணக்கில் நீடித்தால் இருதயம், மூளை, சிறுநீரகம் மூன்றும் அடி வாங்கும். பக்கவாதமும் டயாலிசிசும் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டுபவை அல்ல.

"கடல் உப்புல சத்து இருக்குன்னு சொல்றாங்களே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் மிகக் கொஞ்சம். மெக்னீசியத்தையே எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 300 மில்லிகிராம் தேவை. உப்பின் மூலம் அதைப் பெற வேண்டுமானால் ஆளைக் கொல்லும் அளவு உப்பைத் தின்ன வேண்டும். ஒரு கட்டு கீரையும் ஒரு பிடி கச்சானும் அந்த வேலையைச் சுலபமாகச் செய்யும்.

இன்னொன்று. கல் உப்பு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்கும். அதனால் ஒரு தேக்கரண்டி கல் உப்பு, ஒரு தேக்கரண்டி தூள் உப்பைவிட எடை குறைவு. இதைப் பார்த்துத்தான் சிலர் கல் உப்பில் சோடியம் குறைவு என்கிறார்கள். ஆனால் நாக்கு பழைய ருசியைக் கேட்கும்; நாமும் இன்னொரு கை போடுவோம். கணக்கு சரியாகிவிடும்.

"பாட்டன் பூட்டன் கல் உப்பு தின்னுட்டு நல்லாத்தானே இருந்தாங்க" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அவர்கள் காலத்தில் மேகி பாக்கெட்டும் பொரித்த சிப்சும் இல்லை. பிரஷர் பார்க்கும் கருவியும் லயத்துக்கு வரவில்லை. பலர் எதனால் விழுந்தார்கள் என்பதே தெரியாமல் போய்விட்டது.

அயோடின் கதை

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். குறைந்தால் சுரப்பி வீங்கிக் கழலையாகும். அதைவிடக் கொடுமை, கர்ப்பிணிக்கு அயோடின் மிகவும் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும்.

"கடல்லேருந்து வர்ற உப்புல அயோடின் தானா இருக்காதா?" என்று நினைப்பது இயற்கை. ஆனால் கடல் நீரில் அயோடின் மிகச் சொற்பம். உப்பு படிகமாகும்போது அதுவும் படிகத்துக்குள் நிற்பதில்லை. பெரும்பகுதி கசப்பு நீரோடு போய்விடும். ஆகவே வெளியிலிருந்து சேர்த்தாலொழியக் கடல் உப்பில் அயோடின் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நல்ல சாட்சி இந்தியாவில் உண்டு. இமயமலை அடிவாரத்தில் காங்கிரா என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே கழலை நோய் பரவியிருந்தது. 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்த வட்டாரத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. ஒன்றுக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு தின்ற இரண்டு இடங்களிலும் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதாரண உப்பு தின்ற இடத்தில் குறையவில்லை. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பே கொடுக்கப்பட்டது. 1962-இல் இந்தியா கழலை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

"நாம பத்து காவான்ல கடலோரமா இருக்கோம், மீன் சாப்பிடுறோம், நமக்கு எதுக்கு?" எனலாம். கடல் மீன், முட்டை, பால் தவறாமல் சாப்பிடுகிறவர்களுக்கு அயோடின் ஓரளவு கிடைக்கும். ஆனால் மீன் விற்கும் விலையில் எத்தனை வீட்டில் தினமும் மீன்? கடல் காற்றை நம்பிக் கர்ப்பிணிப் பெண்கள் அயோடின் உப்பை நிறுத்தக் கூடாது.

கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் சேர்த்தால், 5 கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம் வந்துவிடும். ஆகவே அயோடின் வேண்டும் என்று உப்பைக் கூட்ட வேண்டியதில்லை.

அளவு எவ்வளவு?

உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். மலேசியாவில் 2017-2018-இல் எடுத்த ஆய்வில் பெரியவர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவது தெரிந்தது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐந்து பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு ஒரு கிலோ உப்பு குறைந்தது 40 நாள் வர வேண்டும். வெளியில் சாப்பிடும் உப்பையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் அதிக நாள் வர வேண்டும். பொட்டலம் பிரித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இருபத்தைந்து நாளில் தீர்ந்தால் யோசிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. விலை குறைந்த அயோடின் உப்பே போதும். பொட்டலத்தில் மலாயில் "பெரியோடின்" என்று இருக்கிறதா பாருங்கள். மூடியுள்ள டப்பாவில், அடுப்புச் சூடும் ஈரமும் படாமல் வையுங்கள். சமையல் முடியும் நேரத்தில் போடுங்கள்.

2. கருவாடு, பெலாச்சான், கிச்சாப், ஊறுகாய், மேகி ஆகியவையும் உப்புதான். பாக்கெட்டில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள். சோடியம் 800 என்றால் உள்ளே 2 கிராம் உப்பு.

3. உப்பை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். வாரா வாரம் கொஞ்சம் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம் கைகொடுக்கும்.

4. செம்பனைக் காட்டில் வெயிலில் வேலை செய்கிறவர்கள் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். மூன்று வேளையும் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டு உப்பே பொதுவாகப் போதும். தலை சுற்றல், தசை இழுப்பு வந்தால் நிழலுக்கு வந்து, கிளினிக்கில் தரும் உப்புக் கரைசல் மாவைச் சொன்ன அளவில் கலக்கிக் குடியுங்கள். நினைவு தடுமாறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

5. பொட்டாசியம் கலந்த, சோடியம் குறைந்த உப்பும் கடைகளில் வருகிறது. 2021-இல் வெளிவந்த சீன ஆய்வு ஒன்றில், 600 கிராமங்களில் பாதிக்கு இத்தகைய உப்பைக் கொடுத்துப் பார்த்தபோது, அங்கே பக்கவாதம் மற்றப் பாதியைவிட 14 விழுக்காடு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதே உப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

6. எந்த உப்புக்கு மாறினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் வலியும் தெரியாது, அறிகுறியும் தெரியாது. கருவியால் பார்த்தால்தான் தெரியும்.

தோட்டங்கள் சுருங்கித் தொழிற்சாலைகள் எழுந்த பத்து காவானில் நம் பிழைப்பு மாறியிருக்கிறது. உடம்பே முதல் என்பது மாறவில்லை. உப்பில் மிச்சம் பிடிக்கும் காசுக்குக் கீரையும் மீனும் வாங்குங்கள். அடுத்த முறை பிரஷர் பார்க்க வரும்போது, வீட்டு உப்புப் பொட்டலத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து படிப்போம்.