வேகமும் வெப்பமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கணிப்பொறியின் வேகத்தைக் காசு செலவில்லாமல் கூட்டலாம் என்று கேள்விப்படாத மாணவர் இன்று அரிது. 'ஓவர்கிளாக்கிங்' எனப்படும் இம்முறையில், தயாரிப்பாளர் குறித்த அதிர்வெண்ணுக்கு மேலாகக் கிராபிக்ஸ் கார்டையோ மதர்போர்டின் பஸ்ஸையோ இயக்குகின்றனர். இது எவ்வாறு நடைபெறுகிறது, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்து வெயிலில் இதனால் பயன் உண்டா என்பவற்றை இயற்பியல் வழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஸ் என்பது யாது?

மதர்போர்டில் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செய்தியைச் சுமந்து செல்லும் மின்பாதையே பஸ். அதற்குத் தாளம் போடுவது, குவார்ட்ஸ் படிகத்தின் துணையால் இயங்கும் கடிகாரச் சுற்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பழைய பட்டறை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஒரே மோட்டார், ஒரே தண்டு. அத்தண்டிலிருந்து பெல்ட்டுகள் வழியாக லேத்தும் டிரில்லிங் மெஷினும் சுழல்கின்றன. மெஷினில் சிறிய புல்லி இருந்தால் அது வேகமாகச் சுழலும். பெரிய புல்லி இருந்தால் மெதுவாகச் சுழலும். கணிப்பொறியில் அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கியும் வகுத்தும் தரும் சுற்றுகள் இந்தப் புல்லிகளைப் போன்றவையே. மோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் லேத் மட்டுமா வேகமாகச் சுழலும்? தண்டில் பூட்டிய அனைத்துமே வேகமெடுக்கும். ஓவர்கிளாக்கிங்கின் முதற்சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

செலரான் கற்பித்த பாடம்

1998-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் 'செலரான் 300ஏ' என்னும் செயலியை வெளியிட்டது. அதற்குரிய பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். பெருக்கும் எண் 4.5. ஆகவே செயலியின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். பஸ்ஸை 100 ஆக உயர்த்தியவர்கள் அதே செயலியில் 450 மெகாஹெர்ட்ஸ் கண்டனர். உலகெங்கும் இது பெரும்பேச்சாயிற்று.

ஆனால் 100-க்குத் துணியாமல் இடைப்பட்ட 83-இல் நிறுத்தியவர்கள் வேறொரு தொல்லைக்கு ஆளாயினர். பி.சி.ஐ. பஸ்ஸின் முறையான வேகம் 33 மெகாஹெர்ட்ஸ். மூல வேகம் 100 எனில் மதர்போர்டு அதனை மூன்றால் வகுத்து 33-ஐத் தந்துவிடும். 83-ஐயோ இரண்டால்தான் வகுத்தது, விடை 41.5. ஹார்டு டிஸ்க்கின் செய்தி அந்த வழியாகவே சென்றமையால், எழுதிய கோப்புகள் பிழைபட்டுப்போகும் அபாயம் ஏற்பட்டது. 66-இல் ஓட வேண்டிய ஏ.ஜி.பி. கிராபிக்ஸ் கார்டும் 83-இல் ஓட நேர்ந்தது. செயலி தாங்கிக்கொண்டது, அதனோடு பிணைந்தவை தாங்கவில்லை.

பின்வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் வந்த இன்டெல் 'சாண்டி பிரிட்ஜ்' அமைப்பில் செயலிக்கும் இந்தப் பஸ்ஸுக்கும் ஒரே மூலக் கடிகாரம். அதைச் சில சதவீதத்திற்கு மேல் கூட்டினால் கணிப்பொறி தடுமாறும். 2015-இன் 'ஸ்கைலேக்' அமைப்பில்தான் இவ்விரண்டும் பிரிக்கப்பட்டன. மேலும், கிராபிக்ஸ் கார்டின் உட்கரு வேகத்தை அக்கார்டிலேயே உள்ள கடிகாரச் சுற்று உண்டாக்குகிறது. ஆதலால் பஸ்ஸை விரட்டினால் கார்டின் கணக்கிடும் வேகம் கூடிவிடாது. பயன் சிறிது, ஆபத்து பெரிது.

வெப்பக் கணக்கு

இனி, கார்டையே விரட்டினால் என்ன நிகழும் என்று பார்ப்போம். சில்லு இயங்கும்போது செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் அமையும். அதிர்வெண்ணை 10 சதவீதமும், அதற்கு ஈடுகொடுக்க மின்னழுத்தத்தை 5 சதவீதமும் கூட்டுவதாகக் கொள்வோம். 1.05 × 1.05 × 1.10 = 1.21. பத்து சதவீத வேகத்திற்கு விலை இருபத்தொரு சதவீத வெப்பம்!

150 வாட் கார்டு ஒன்று, ஒவ்வொரு வாட்டுக்கும் அறை வெப்பத்தைவிட 0.3 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். அதாவது 45 டிகிரி ஏற்றம். அறை 25 டிகிரியில் இருந்தால் கார்டின் வெப்பம் 70. சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி வரை வெயில் பதிவானதை நாம் அறிவோம். தகரக்கூரையோ மொட்டை மாடியோ மேலிருக்கும் அறை 38 டிகிரியில் இருப்பதாகக் கொண்டால், கார்டு 83-ஐத் தொடும். ஓவர்கிளாக் செய்தபின் 182 வாட். கார்டு ஏறத்தாழ 93-க்குப் போக முனையும். பல கார்டுகள் 83 டிகிரி அளவிலேயே தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளன. ஆகவே நாம் கூட்டிய வேகத்தைக் கார்டே திருப்பி எடுத்துக்கொள்கிறது. மின்கட்டணமும் விசிறியின் இரைச்சலும் மட்டுமே மிஞ்சுகின்றன.

நமக்கு ஏற்ற வழி

இதே சமன்பாடு வேறொரு வழியையும் காட்டுகிறது. அதிர்வெண்ணைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள். 0.95 × 0.95 = 0.90. செலவு 135 வாட். அதே 38 டிகிரி அறையில் கார்டு 79-இல் நிற்கும். வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டிய தேவை அதற்கு எழாது. குளிர்நாட்டவருக்கு வேகத்தைக் கூட்டுவது கைகொடுக்கலாம். நமக்கு மின்னழுத்தத்தைக் குறைப்பதே கைகொடுக்கும்.

செய்முறையில் பொறுமை வேண்டும். முதலில் கோப்புகளுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும். விசிறியிலும் வெப்பத்தகட்டிலும் படிந்த தூசியை அகற்ற வேண்டும். பின்பு மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் அரைமணி நேரமாவது கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்க வேண்டும். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றினால் முந்தைய படிக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு அளவுகளை மாற்றலாகாது. மாற்றினால் பிழை எதனால் வந்தது என்று அறிய முடியாது. ஆய்வுக்கூடத்தில் நம் ஆசிரியர்கள் நாள்தோறும் வற்புறுத்தும் விதியும் இதுவேயன்றோ!

நம்மில் பலரது வீட்டில் இருப்பது ஒரே கணிப்பொறி; அதுவும் தவணையில் வாங்கியது. தம்பி தங்கையரின் பாடமும் நம் செய்முறைக் குறிப்பேடும் அதில்தான் உள்ளன. அளவு மீறி இயக்கிக் கெடுத்தால், உத்தரவாதத்தின்கீழ் மாற்றித்தர நிறுவனம் மறுக்கக்கூடும். எனவே, கடிகாரத்தை விரட்டும் முன் காகிதத்தில் கணக்கிடுவோம். அந்த இரண்டு வரிக் கணக்கிற்கு நாம் வகுப்பில் கற்ற இயற்பியலே போதுமானது.