நிறமியைத் தாக்கும் கண்ணழற்சி

உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே சில வேளைகளில் உடலின் உயிரணுக்களைப் பகையெனக் கொண்டு தாக்குவதுண்டு. அவ்வாறு பார்வையைக் கெடுக்கும் அரிய நோய்களுள் ஒன்று வோக்ட்-கோயனாகி-ஹரடா நோயாகும். கண்ணழற்சியோடு இமைமயிர் வெளுத்த நிலையை 1906-இல் ஸ்விட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆல்ஃபிரட் வோக்ட் விவரித்தார். ஜப்பானில் 1926-இல் ஹரடாவும், 1929-இல் கோயனாகியும் இதன் பிற கூறுகளை எழுதினர். இவையெல்லாம் ஒரே நோயின் வெவ்வேறு தோற்றங்கள் என்பது பின்னரே தெளிவாயிற்று.

நோயின் இயல்பு

தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் உயிரணுக்கள் கண்ணின் நடுப்படலத்திலும், உட்செவியிலும், மூளையுறையிலும்கூட உள்ளன. இந்நோயில் டி வகை வெள்ளணுக்கள் இவ்வுயிரணுக்களையே தாக்குகின்றன. கண், காது, தலை, தோல் எனத் தொடர்பற்றவைபோல் தோன்றும் உறுப்புகளில் ஒரே நோய் குறிகாட்டுவது இதனாலேயே.

நான்கு நிலைகள்

முதலில் சில நாட்கள் தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, காதிரைச்சல் ஆகியவை தோன்றும். அடுத்து, பெரும்பாலும் இரு கண்களிலும் பார்வை விரைந்து மங்கும். நடுப்படலம் வீங்கி, அதிலிருந்து கசியும் நீர் விழித்திரையின் அடியில் தேங்கி, அத்திரையை உயர்த்திவிடுவதே இதற்குக் காரணம். சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் தோலில் வெண்திட்டுகள் தோன்றலாம்; இமைமயிரும் தலைமயிரும் வெளுக்கலாம். இறுதி நிலையில் அழற்சி மீண்டும் மீண்டும் தோன்றும். கண்புரை, கண்ணழுத்த நோய், விழித்திரையடித் தழும்பு ஆகியவற்றால் பார்வை நிலையாகக் கெடுவது பெரும்பாலும் இந்நிலையிலேயாம்.

பொதுவாக 20 முதல் 50 வயதுக்குட்பட்டோரையே இந்நோய் பற்றுகிறது; எனினும் சிறுவர்க்கும் வருவதுண்டு.

களப்பணியாளரும் ஆசிரியரும் அறியவேண்டுவன

‘மெட்ராஸ் ஐ’ எனப்படும் தொற்றுக் கண்ணோயில் கண் சிவந்து பீளை தள்ளும். பார்வை பெரும்பாலும் குறைவதில்லை. இந்நோயிலோ பீளை இராது, பார்வையே குறையும். ஆகவே, தலைவலியும் காதிரைச்சலும் கண்டு, சில நாட்களில் இரு கண்களும் மங்கியதாக ஒருவர் கூறினால், அவரைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பாமல், விழித்திரையைச் சோதிக்கும் வசதியுள்ள கண் மருத்துவமனைக்கு உடனே அனுப்புதல் வேண்டும். கரும்பலகை திடீரெனத் தெரியவில்லை என்னும் மாணவனையும் அவ்வாறே அனுப்புக.

காலந்தாழ்த்தாது மிகுந்த அளவில் கார்ட்டிகோஸ்டீராய்டு அளித்தால் தேங்கிய நீர் வற்றி, பார்வை பெரும்பாலும் மீள்கிறது. அழற்சி கண்ணின் பின்புறத்திலும் இருத்தலால் சொட்டு மருந்து மட்டும் போதாது. காசநோய், நீரிழிவு ஆகியவை உண்டா என்று மருத்துவர் முன்னரே ஆராய்வர். மருந்தைக் குறைந்தது ஆறு மாதங்களுக்குச் சிறிது சிறிதாகவே குறைக்கின்றனர். பலருக்கு அசத்தயோப்ரின் போன்ற எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளும் தேவைப்படும். பார்வை தெளிந்துவிட்டது என்று நோயாளி தாமே மருந்தை நிறுத்தினால் அழற்சி திரும்பும். எனவே, இல்லங்களுக்குச் செல்லும் பணியாளர் ஒவ்வொரு முறையும் மருந்து தொடர்கிறதா என்று வினவுதல் நலம்.

வெண்திட்டைக் கண்டு தொழுநோயென அஞ்சுவோரும் உளர். இது தொழுநோயன்று, ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமன்று. இதனை வகுப்பில் விளக்கி, அம்மாணவன் ஒதுக்கப்படாமல் காப்பது ஆசிரியரின் கடமையாகும்.